எஞ்சினுக்கு ஒரு லிட்டர்

டீசலுக்கு லிட்டருக்கு ஒரு ரூபாய் கூட்டிவிட்டார்கள், அதுவும் ரோடு போடுவதற்காக என்று ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து சோலைச்சாமியின் வாய் ஓயவில்லை. செங்குளத்துப்பட்டியில் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். எல்லாருக்கும் வயிற்றெரிச்சல்தான். ஊர் கேட்கும்படி எரிந்தவர் இவர் ஒருத்தர்தான். விடிகாலையில் மல்லிகை பறித்து, மூட்டையை வேனில் ஏற்றிவிட்டு ரத்தினம் டீக்கடைக்கு வந்து உட்கார்ந்தாரென்றால் கிளாஸில் டீ ஆறி ஏடு படியும்வரை அதே பேச்சு.

“ரோடு போடணும்னா ரோட்டுல ஓடுறவன்ட்ட வாங்கு. லாரிக்காரன்ட்ட வாங்கு, பஸ்ஸுக்காரன்ட்ட வாங்கு. வேண்டாங்கல. என் எஞ்சினு எங்கய்யா ஓடுது? கெணத்து மேட்டுல நட்டு வச்ச மாதிரி நிக்கிது. அது என்னைக்காவது தூத்துக்குடி போச்சா? மதுர போச்சா? அது குடிக்கிற டீசலுக்கு நான் எதுக்கு ரோட்டுக்காசு குடுக்கணும்?”

“ஒமக்கு மட்டும் தனியா ஒரு பங்க்கு தெறக்கச் சொல்லி எழுதிப் போடுவோமா அண்ணே?” என்றார் ரத்தினம், டீயை ஆற்றிக்கொண்டே.

“நக்கலு பண்ணாதய்யா. பக்கத்துத் தோட்டத்துல கரண்டு மோட்டாரு ஓடுது. அவனுக்குக் கரண்டு ஓசி. நான் கரண்டுக்கு எழுதிக் குடுத்துட்டு வருசக்கணக்கா ஆபீசு வாசல்ல நிக்கிறேன். ஓசில குடிக்கிறவனுக்கு ரோடு உண்டு, வரி கெடையாது. எனக்கு வரி உண்டு, ரோடு கெடையாது. இதுல நியாயம் எங்க இருக்கு, சொல்லு.”

பூ மூட்டைகளை வேனின் கூரையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்த தங்கபாண்டி மேலேயிருந்தே பதில் சொன்னான். சோலைச்சாமியின் மனைவிக்குத் தம்பி அவன். ஊரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு ஓடுகிற ஒரே வேன் அவனுடையதுதான்.

“மச்சான், ஒங்க எஞ்சினு ரோட்டுல போகல, சரி. ஒங்க பூவு எதுல போகுது? பறந்தா போகுது? ரோடு நல்லா கெடந்தா வெயிலு ஏறுறதுக்குள்ள மார்க்கெட்டுக்குக் கொண்டுபோயிருவேன். மொட்டு மொட்டாவே வித்துரும். அந்த லாபம் யாருக்கு?”

“எந்த ரோடுடா மாப்ள? அந்தக் காசுல நம்ம ரோட்டயா போடப்போறான்? பந்தல்குடி போற பெரிய ரோடு ஏற்கெனவே பளபளன்னுதான் கெடக்கு. அதத்தான் இன்னும் பளபளக்க வைப்பான். நம்ம ஓடப்பள்ளத்துக்கு எவன் வருவான்?”

தங்கபாண்டி கயிற்றை இழுத்துக் கட்டுவதில் மும்முரமாகிவிட்டான். சோலைச்சாமியிடம் இதுதான் தொல்லை. சும்மா வாய் பேசுகிற ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அவர் பேச்சில் நியாயமும் இருந்து தொலைத்தது.

ஊரிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போகிற பாதையை ரோடு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எப்போதோ சரளை போட்டு உருட்டியது. பிறகு கிழக்கே கல்குவாரி வந்தது. குவாரி லாரிகள் ஓடி ஓடி அதைக் குழியும் குண்டுமாக ஆக்கிவிட்டன. நடுவில் ஓர் ஓடை. ஓடையின் மேல் இருந்த சின்னப் பாலம் ஒரு மழையில் பெயர்ந்து போனது போனதுதான். வண்டிகள் பள்ளத்தில் இறங்கி, பாறை முண்டுகளின் மேல் ஏறி, அந்தப் பக்கம் முக்கிக்கொண்டு கரையேறும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தலை கூரையில் ஒரு முறை, இடுப்பு பலகையில் ஒரு முறை.

வீட்டுக்கு வந்தால் சோலைச்சாமி பேச்சைக் குறைத்துக்கொள்வார். சந்தனம்மாளுக்கு முடியவில்லை. மாசி மாதத்திலிருந்தே உதிரப்போக்கு நிற்காமல் வெளுத்துப் போயிருந்தாள். பூப்பறிக்கக் குனிந்தால் நிமிரும்போது கண் இருட்டும். அருப்புக்கோட்டையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, பையையே எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். சந்தனம்மாள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தாள். வந்தபிறகு போக மறுத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் கம்மங்கஞ்சியைக் கரைத்து அவர் முன்னால் வைத்தாள். உரித்த சின்னவெங்காயமும் வறுத்த மோர்மிளகாயும் தட்டில் இருந்தன. அவர் கை வைக்கவில்லை.

“நாளைக்காவது போவமா புள்ள?”

“போகலாம். பூ ஓயட்டும்.”

“பூவு கெடக்குது கழுத. செடியோட காஞ்சாலும் காயட்டும். நீ நெசத்தச் சொல்லு. ஆப்பரேசன்னா பயமா இருக்கா?”

“அதுக்கு என்ன பயம். ஊசியப் போட்டா கண்ண மூடிக்கப்போறேன். அறுக்கிறது அவுக பாடு.” கொஞ்சம் நிறுத்தி, மிளகாய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். “திரும்பி வரணும்ல. அதுக்குத்தான் பயமா இருக்கு.”

அவர் புரியாமல் பார்த்தார்.

“கோகிலாம்பா மதினி ஆப்பரேசன் பண்ணிட்டு வந்தாகள்ல, போன வருசம். வேன்ல நானும் கூடத்தான் வந்தேன். என் மேலதான் சாஞ்சிருந்தாக. பள்ளத்துல எறங்கி ஏறயில ஒரு சத்தம் குடுத்தாக பாருங்க... இன்னைக்கும் என் காதுலயே நிக்கிது. சேலையெல்லாம் நனைஞ்சுபோச்சு. தையலு விட்டுப்போச்சு. அப்படியே வண்டியத் திருப்பி அந்தப் பள்ளத்துலயே மறுபடியும் எறக்கி ஏத்திக் கொண்டுபோனம். அவுக பொழச்சது அவுக தாலிபாக்கியம். எனக்கு அந்தத் தெம்பு இல்லங்க.”

“அப்ப டவுன்லயே ஒரு வீடு பாத்து இருந்துட்டு வருவம்.”

“தையலு ஆற எம்புட்டு நாளு ஆகும்னு டாக்டரம்மா சொன்னாகள்ல. அதுவரைக்கும் மாட்ட யாரு பாப்பா, தண்ணிய யாரு பாய்ச்சுவா?”

“திருச்சுழியில சுபத்ரா இருக்கால்ல. மகள் வீடுதான?”

“மகள் வீடு இல்ல, சம்பந்தி வீடு. அங்க போயிப் படுத்துக்கெடந்து மூத்தரச் சட்டி எடுக்கச் சொல்லவா? நல்லா இருக்கு ஒங்க ரோசன.” கஞ்சிச் சட்டியை அவர் கையருகே தள்ளினாள். “ரோட்டப் போடச் சொல்லுங்க. மறுநாளே வாரேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும். டீக்கடையில் மணிக்கணக்கில் ரோட்டைப் பற்றிப் பேசுகிறவர் குனிந்து சட்டியை எடுத்துக்கொண்டார். கஞ்சியைக் குடித்தார்.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பந்தல்குடியில் ரோட்டு வேலை பார்க்கிற ஆபீஸுக்குப் போனார். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, விவரம் கேட்டு, இந்த வருஷத் திட்டத்தில் உங்கள் ரோடு இல்லையே என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

“டீசலுக்கு ரோட்டுக்காசுன்னு வாங்குறீகளே சார்?”

“அது பெரிய ரோட்டுக்குங்க. இங்க வராது.”

ஜெயித்துவிட்டோம் என்று சோலைச்சாமி சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை நாள் இதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்! பந்தல்குடியிலிருந்து திரும்பும்போது பஸ் பெரிய ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. கம்பியைக்கூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் கிடந்தது. அவள் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு நாளும் நினைத்துப் பார்க்காததை அன்று பஸ்ஸில் உட்கார்ந்து நினைத்தார். கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஊருக்கு நடந்தவர் நேராகப் பூமிநாதன் வீட்டுக்குப் போனார். டிராக்டர் வைத்திருக்கிறவன். ரோட்டை நாமே போட்டுவிடுவோம் என்றார்.

“டிராக்டரத் தாரேன் மாமா. ஓட்டுறதும் நானே ஓட்டுறேன், கூலி வேண்டாம். கம்மாக்கரையில சரளை கெடக்கு, அள்ளுனா ஆச்சு. டீசலுக்கு மட்டும் வழி சொல்லுங்க. அம்புட்டு நடைக்கும் நான் ஒத்தையில ஊத்துனா என் பாடு அம்புட்டுத்தான்.”

சோலைச்சாமி கொஞ்ச நேரம் முகவாயைச் சொறிந்துகொண்டு நின்றார். வேறு வழி எதுவும் தட்டுப்படவில்லை.

“ஒரு எஞ்சினுக்கு ஒரு லிட்டரு வாங்கியாரேன்” என்றார்.

பூமிநாதன் அவரை மேலும் கீழும் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய கேனைக் கட்டிக்கொண்டு கிணறு கிணறாகக் கிளம்பினார். முதலில் தன் எஞ்சின் கொட்டகையிலிருந்தே ஒரு லிட்டர் அளந்து ஊற்றிக்கொண்டார். அடுத்தது அருஞ்சுனை தோட்டம். அருஞ்சுனை மிளகாய்க்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவன், விஷயத்தைக் கேட்டதும் மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். அவன் எத்தனை நாள் அந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவன்!

“அண்ணே, ஒண்ணு கேக்கேன். என் எஞ்சினு ரோட்டுல ஓடுதா?”

“ஓடலப்பா.”

“கெணத்து மேட்டுல நட்டு வச்ச மாதிரிதான நிக்கிது?”

“ஆமப்பா.”

“அப்ப அது குடிக்கிற டீசலுல ரோட்டுக்குன்னு நான் எதுக்குண்ணே குடுக்கணும்?”

இன்னும் ரெண்டு கேள்வி வைத்திருந்தான். சோலைச்சாமி முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“ஒன் எஞ்சினு ஓடல, என் எஞ்சினும் ஓடல. ஒங்க மதினி போயிட்டு வரணும்ப்பா” என்றார் அவர். கடைசி வார்த்தை உடைந்துவிட்டது.

அருஞ்சுனை கேனை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனான். லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே ஊற்றிக் கொண்டுவந்தான்.

அதே கேள்வியை அடுத்தடுத்த கிணறுகளிலும் கேட்டார்கள். அவர் பேசியதை அவர் குரலிலேயே பேசிக் காட்டியவர்களும் உண்டு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கேட்டுவிட்டு ஊற்றினார்கள், ஒருத்தரும் இல்லையென்று சொல்லவில்லை. கரண்ட் மோட்டார்க்காரர் மட்டும், “எங்கிட்ட டீசலு ஏதுய்யா?” என்று இளித்துவிட்டு, அவர் சைக்கிளைத் திருப்பிய பிறகு கூப்பிட்டு, “வேலைக்கு வாரவுகளுக்கு மத்தியானக் கஞ்சி என் பொறுப்பு” என்றார். குவாரி முதலாளி வெளியூர்க்காரர். பார்ப்போம் என்றார். இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

தங்கபாண்டி ஒரு லிட்டர் கேட்ட இடத்தில் அரைக் கேன் கொண்டுவந்து ஊற்றினான்.

“நான் டெய்லி ஓடுறவன். நான்தான் கூடக் குடுக்கணும். அக்காவுக்குன்னு மட்டும் இல்ல மச்சான், என் வேன் ஸ்பிரிங்குப் பட்டையும்தான் ஒடியுது. ஆனா ஒண்ணு, சார்ஜுல கொஞ்சம் ஏத்துவேன். இல்லன்னா எனக்குக் கட்டாது.”

வேனில் உட்கார்ந்திருந்த பிச்சையம்மாளுக்கு அது காதில் விழுந்துவிட்டது. நிலம் கிடையாது, எஞ்சின் கிடையாது. பந்தல்குடிப் பக்கம் தினமும் கொத்து வேலைக்குப் போகிறவள்.

“ஏம்ப்பா தங்கபாண்டி, டீசலு வெல ஏறுச்சுன்னு போன மாசந்தான ஏத்துன? இப்ப ரோடு போடன்னு ஒருக்கா ஏத்துவியோ? அவுக ஒன் தலையில வைக்கிறாக, நீ அத எறக்கி எங்க மடியில வைக்கிற. நாங்க அத எங்க கொண்டுபோய் எறக்க? எங்களுக்குக் கீழ யாரு இருக்கா?”

சோலைச்சாமிக்குச் சுரீரென்றது. தன் எஞ்சினைப் பற்றி இத்தனை நாள் பேசினாரே தவிர, பிச்சையம்மாளைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை.

“ஏத்தாத மாப்ள” என்றார்.

“அப்ப நான் எங்க போறது மச்சான்?”

“காசக் கூட்டாதப்பா” என்றாள் பிச்சையம்மாள். “ஒரு நாளு வேல செய்யின்னு கேளு, வாரோம். சட்டியெடுத்து மண்ணு சுமக்கோம். எங்ககிட்ட இருக்கிறது அதுதான்.”

அப்படித்தான் முடிவானது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை தொடங்கியது. சித்திரை வெயில் உச்சி மண்டையைத் துளைத்தது. கண்மாய்க் கரையில் சரளையை வெட்டி டிரெய்லரில் ஏற்றினார்கள். டிராக்டர் கொண்டுவந்து கொட்டக் கொட்டப் பெண்கள் சட்டியில் அள்ளிக் குழிகளில் போட்டார்கள். ஆண்கள் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். ரத்தினம் கடையை மூடிவிட்டு டீயைத் தூக்குவாளியில் கொண்டுவந்தார். மத்தியானம் கரண்ட் மோட்டார்க்காரர் சொன்னபடி கஞ்சியும் மாங்காய் ஊறுகாயும் அனுப்பினார். வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து குடித்தபோது திருவிழா மாதிரி இருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் செம்மண் நிறத்தில் புது ரோடு ஊரிலிருந்து ஓடை வரைக்கும் நீண்டு வந்துவிட்டது. அந்தப் பக்கம் பெரிய ரோடு வரைக்கும் முந்திய நாளே நிரவியாயிற்று. பள்ளம்தான் பாக்கி. கடைசியாக அதை மொத்தமாக நிரப்புவதென்று வைத்திருந்தார்கள்.

பள்ளத்துக்கான முதல் லோடு வந்துகொண்டிருந்தபோது டிராக்டர் இருமியது. வெள்ளைப் புகையாகக் கக்கியது. நின்றுவிட்டது. பூமிநாதன் என்னென்னவோ செய்து பார்த்தான். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தவன் முகம் சுருங்கியது.

“யாருய்யா இதுல சீமெண்ணெய ஊத்துனது?”

ஒருத்தரும் ஏமாற்றவில்லை, அதுதான் வேடிக்கை. டீசல் விலை ஏறியதிலிருந்து ஊரில் எல்லா எஞ்சின் கேனிலும் ரேஷன் சீமெண்ணெய் கலந்துதான் இருந்தது. கிணற்று எஞ்சின் பெருந்தன்மையானது, எதை ஊற்றினாலும் குடித்துவிட்டு ஓடும். எஞ்சினுக்கு ஒரு லிட்டர் என்று கேட்டார்; எஞ்சினுக்கு ஊற்றுவதையே ஊற்றிக் கொடுத்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சீமெண்ணெய், மொத்தமாகச் சேர்ந்ததும் டிராக்டரால் தாங்க முடியவில்லை.

“மொத லிட்டரு என்னோடதுதான்” என்றார் சோலைச்சாமி. “நானும் கலந்துதான் வச்சிருந்தேன். மறந்துட்டேன் பூமிநாதா.”

திட்ட வாயெடுத்த பூமிநாதன் அடங்கிவிட்டான். டிராக்டரின் டீசல் பம்ப்பைக் கழற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும், வர நாளாகும் என்றான். சாயங்காலம் வரை பெண்கள் சட்டிகளில் சுமந்துவந்து பள்ளத்தில் போட்டுப் பார்த்தார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி மாதிரி இருந்தது. பொழுது சாயவும் ஒவ்வொருத்தராகக் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள்.

“இப்ப என்ன சொல்றீக அண்ணே, டீசலுல ரோட்டுக்கு வாங்குறது நியாயமா, இல்லையா?” என்று தூக்கைக் கையில் மாட்டிக்கொண்டே கேட்டார் ரத்தினம். அவரைச் சிரிக்க வைக்கத்தான் கேட்டார்.

“குடுக்கிறது நியாயந்தான்யா. குடுத்தது எங்க போச்சுன்னு கண்ணுக்குத் தெரியணும். நான் வாங்குன டீசலு எங்க போச்சுன்னு ஊருக்கே தெரியுது பாரு. பள்ளத்துக்கு முன்னால நிக்கிது.”

எல்லாரும் போன பிறகும் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஊர்ப்பக்கத்திலிருந்து சந்தனம்மாள் வருவது தெரிந்தது. ஒரு கையை இடுப்பில் வைத்து, நின்று நின்று, புதுச் சரளை மேலேயே நடந்து வந்தாள்.

“யாரு ஒன்ன வரச் சொன்னது?”

“இம்புட்டுத் தூரம் போட்டுட்டீகளா!” என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போட வேண்டியதப் போடல. மெனக்கெட்டு ஊரக் கூட்டி, பூமிநாதன் டிராக்டரையும் கெடுத்து... ஒனக்குன்னு ஒரு காரியத்த உருப்படியாச் செய்யத் தெரியல புள்ள எனக்கு.”

“கேனத் தூக்கிக்கிட்டுக் கெணறு கெணறாப் போனீகளாம். அருஞ்சுனை பொண்டாட்டி சொன்னா. எல்லாரும் கேலி பேசுனாகளாம், நீங்க மறுபேச்சுப் பேசலையாம்.” அவர் கையில் ஒட்டியிருந்த செம்மண்ணை முந்தானையால் துடைத்தாள். “ஒங்களுக்கு ஒருத்தர்ட்ட ஒண்ணு கேக்கவே வராதே. எனக்குச் சேல எடுக்கக்கூடக் கடன் கேக்க மாட்டீகளே.”

அவர் அடுத்த கையையும் அவளிடம் நீட்டினார்.

“டாக்டரம்மாட்டத் தேதி கேட்டுட்டு வாங்க. வாரேன்.”

“பள்ளம் அப்படியேதான புள்ள கெடக்கு?”

“கெடக்கட்டும். அதுக்காக வர மாட்டேன்னா, நான் மனுசியா?”

ஆப்பரேஷன் நல்லபடியாக நடந்தது. சந்தனம்மாள் கண் விழித்ததும் முதலில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று கேட்டாள். டாக்டரம்மா அனுப்பிவைத்த அன்று தங்கபாண்டி வேனைப் பின்மதியம் ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவந்தான். தலையணையும் போர்வையும் போட்டு நடு சீட்டில் உட்கார வைத்தார்கள். பந்தல்குடியில் பிச்சையம்மாளும் வேலை முடிந்த பெண்களும் ஏறிக்கொண்டார்கள். கூடைகள், மண்வெட்டிகள், வேர்வை வாசம், பேச்சு. சந்தனம்மாளைப் பார்த்ததும் பேச்சுத் தணிந்தது.

பெரிய ரோட்டை விட்டுத் திரும்பியும் வேன் குலுங்கவில்லை. புதுச் சரளை மேல் மெத்தென்று போனது. சோலைச்சாமி அவள் தோளைச் சுற்றிக் கை போட்டுப் பிடித்திருந்தார். ஓடைக்கரை வேலமரங்கள் தெரிந்ததும் அவள் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். நகம் பதிந்தது. பூமிநாதனின் பம்ப் இன்னும் திரும்பி வரவில்லை. பள்ளம் வாயைத் திறந்துகொண்டு அப்படியேதான் கிடந்தது.

தங்கபாண்டி விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தினான். இறங்குவதா, எப்படி இறங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான்.

“நான் நடந்து வாரேன்” என்றாள் சந்தனம்மாள்.

சோலைச்சாமி இறங்கிக் கை கொடுத்தார். அவள் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துத் தரையில் நின்றாள். பின்னால் கூடையை வைத்துவிட்டுப் பிச்சையம்மாள் இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்றப் பெண்களும் இறங்கினார்கள். நாள் முழுக்க வெயிலில் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த கால்கள் அவை. உட்கார்ந்தே வந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பிச்சையம்மாள் வந்து அடுத்த கையைப் பிடித்துக்கொண்டாள். “பாத்து மதினி. இந்தக் கல்லு ஆடும், அந்தக் கல்லுல வையிங்க.”

பாறை பாறையாகக் கால் வைத்து இறங்கினார்கள். நடுவில் ஓடை மணலில் சந்தனம்மாள் நின்று மூச்சு வாங்கினாள். எல்லாரும் நின்றார்கள். அவள் நடந்ததும் நடந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்கும், அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், தண்ணீர் எடுக்க வேண்டும். ஒருத்திகூட அவளை முந்திப் போகவில்லை. பின்னால் தங்கபாண்டி மட்டும் உட்கார்ந்து ஓட்டிவந்த வேன் கடகடவென்று ஆடிக்கொண்டு இறங்கிற்று.

கரையேறியதும் சந்தனம்மாள் ரெண்டு கைகளையும் விடுவித்துக்கொண்டு அடிவயிற்றின் மேல் வைத்தாள். சேலைக்கு மேலேயே மெல்லத் தடவிப் பார்த்தாள். சோலைச்சாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“ஒண்ணும் ஆகலங்க” என்றாள்.